முகத்துல போட்டது உள்ள போவுமா

புட்டியோட முன்பக்கம் இல்லம்மா, முன்பக்கத்தை யாரு வேணா படிச்சிடுவாங்க. விட்டமின் சி சீரம்னு தமுக்கடிச்சா மாரி பெருசா போட்டிருக்கான். அடுத்த போட்டோ பாரு, தள்ளு. அதான். எறும்பு ஊர்றா மாரி பொடிப்பொடியா எழுதியிருக்குதில்ல, அத்ததான் கேக்கறேன். வெரலால பெருசு பண்ணு. அத்தப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சிம்மா.

ஜன்னல மூடட்டுமான்னா கேக்கற? வேணாம், உடு. எனக்குக் காத்து வேணும். பஸ்ஸு நின்னுகினு இருந்தாதான் ஒரு மாரி ஆயிடுது.

மறைக்காம சொல்லிடறேன். பின்னாடி ரெண்டு சீட்டு காலியாத்தான் இருந்தது. உன் கழுத்துல தொங்கற கார்டைப் பாத்துட்டுதான் இங்க வந்து குந்தினேன். தமிழ்ச்செல்வி, குவாலிட்டின்னு போட்டிருந்தது. கம்பெனி பேரு தெரியும் எனக்கு, கிரீமு ஷாம்பு பண்றாங்களே, செய்யாறு சிப்காட்ல, அதுதான? எங்க தெருவுல ரெண்டு பொண்ணுங்க அங்க பேக்கிங்குக்கு வருதுங்க. கம்பெனி பஸ்ஸ உட்டுட்டியா? எனக்கோசரம் உட்டேன்னு வெச்சிக்கோ. நீன்னே பேசறேன், தப்பா எடுத்துக்காத. என் பொண்ண விட ரெண்டு மூணு வயசுதான் பெரியவளா இருப்ப.

மெடிக்கல்லயா? எங்க கடைக்குப் பக்கத்துலயே மெடிக்கல் ஷாப்பு இருக்குது. அவரு எங்க வூட்டுக்காரரு கூட ஒண்ணாப் படிச்சவரு. நான் வாயைத் தொறந்து கேட்டு முடிக்கறதுக்குள்ள இவருக்கு போன் போயிடும். ஆரணியில ஒருத்தரு தும்மினா எதிர்த்த தெருவுல மூக்கத் தொடைப்பாங்க. தெரியாத ஆளுதான் எனக்கு வேணும்.

நாந்தான் போட்டேன். வேற யாரு போடறது.

மொதல்ல எழுதினது ஜாஸ்தி இருக்கும், கடைசியில எழுதினது கம்மியா இருக்கும், அப்டிதான? வீடியோவுல சொன்னாங்க. ஓ, ஒரு பர்சன்ட்டுக்குக் கீழ போயிட்டா எத்த வேணா முன்ன பின்ன எழுதலாமா? அத்த யாரும் சொல்லல பாரு. சரி, மொதல்ல தண்ணி. அப்பால அஸ்கார்பிக் ஆசிட், அதுதான் விட்டமின் சி. கிளிசரின் தெரியும். விட்டமின் ஈ தெரியும். அந்த எஃப்ல ஆரம்பிக்கறது, ஃபெருலிக்கு, அது சி கெட்டுப் போவாம இருக்கறதுக்குன்னு சொன்னாங்க. இதெல்லாம் போவட்டும். கடைசிக்கு ஒண்ணு முன்னாடி பாரு. ரெட்டினைல்னு ஆரம்பிச்சி பால்மிட்டோ பாமாயிலோ, வாயிலயே நொழைய மாட்டேங்குது. அது இன்னாது?

விட்டமின் ஏ வா?

சி புட்டியில ஏ எதுக்கும்மா போடறான்? முன்பக்கம் ஒரு வார்த்தை இல்லையே. சுருக்கத்துக்கா. ம்.

அது தோலு வழியா உள்ள போவுமா? ரத்தத்துல கலக்குமா?

இல்ல, சும்மாதான் கேட்டேன். நீ முழுசும் படி, அவசரம் இல்ல. செய்யாறு இன்னும் தூரம்.

இத்த நான் வாங்கின கதையக் கேளு. எங்க வூட்டுக்காரரு தனசேகரன், பட்டுப்பொடவ யாவாரம். கடைன்னா பெரிய கடை இல்ல. முன்ன எல்லாம் வெளியூரு யாவாரிங்க வந்து கட்டு கட்டா தூக்கினு போவாங்க. இப்ப போன்லதான் யாவாரமே. மத்தியானத்துல லைவ் போடுவோம். அவரு போனப் புடிச்சிப்பாரு, நான் பொடவைய மேல போட்டுக் காட்டுவேன். மாம்பழக் கலரு ஒடம்பு, அரக்கு பார்டரு, முந்தி இத்த பாருங்க, புடிச்சவங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கன்னு நான் பாட்டுக்குப் பேசிகினே இருப்பேன். பேச எனக்குச் சொல்லியா தரணும், பாக்கறியே. ஸ்வர்ணாக்கா ஸ்வர்ணாக்கான்னு எங்கெங்கயோ இருந்து கூப்புடுவாங்க. மலேசியாவுல ஒரு அம்மா, நான் சிரிச்சாதான் வாங்குவாங்களாம்.

ஆவணியில ஒரு நாளு லைவ் ஓடிகினு இருக்குது. ஒருத்தன் எழுதறான், பொடவ புதுசுதான் ஆண்ட்டி, கட்டிகினு இருக்கறதுதான் பழைய ஸ்டாக்குன்னு. கீழ சிரிக்கற பொம்மையா வந்து கொட்டுது. எங்க வூட்டுக்காரரு ஜல்தியா அழிச்சிட்டாரு. நான் படிச்சிட்டேனே. படிச்சிட்டு சிரிச்சிகினே அடுத்த பொடவைய எடுத்தேன். கையி மட்டும் மடிப்ப உட்டுட்டுது.

வேற சமயமா இருந்தா நானும் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். அப்பதான், இன்னா, பொம்பள பொம்பளைக்கு சொல்றதுல இன்னா இருக்குது, எனக்கு அது நின்னு போயிருந்தது. ஆமாம்மா. நாப்பத்தி மூணுதான் ஆவுது. எங்க அம்மாவுக்கும் சீக்கிரமே நின்னுச்சாம். வைகாசியில பொண்ணுக்குக் கல்யாணம் முடிச்சோம், மருமகன் வந்தாச்சு, ஆடியில எனக்கு நின்னு போச்சு. கடையை சாத்தினா மாரி. இத்தினி வருசமா மாசா மாசம் பேஜாருன்னு திட்டிகினு இருந்தேன். அது வரலன்னதும் ஒரு நாளு பாத்ரூம்ல நின்னு அழுதேன். எதுக்கு அழுதேன்னு கேட்டா தெரியாது. அந்த சமயம் பாத்து இவன் பழைய ஸ்டாக்குன்னு எழுதறான்.

மறுநாளே உதயா பார்லருக்குப் போயி நின்னேன். உதயான்னா எங்க பக்கத்துத் தெரு, பார்லர் வெச்சிருக்குது, நல்ல பொண்ணுதான். பத்து வயசு கொறையும்க்கா, வெளிநாட்டு சரக்குன்னு சொல்லி இந்தப் புட்டியக் குடுத்தது. பொட்டி கூட இல்ல. புட்டியும் கண்ணாடி மாரி உள்ள இருக்கறது தெரியற புட்டி.

ஆமா, கலரு இல்லாத புட்டி. ஏன், அது கூடாதா? வெளிச்சம் பட்டா கெட்டுடுமா? அதான் வரவர டீத்தண்ணி கலரு ஆச்சா! உதயா கிட்ட காட்டினேன், சத்து எறங்குதுக்கா, இப்பதான் நல்லா வேலை செய்யும்னுச்சி. கெட்டுப் போனதையா மூஞ்சில தேச்சிகினு இருந்தேன்.

லைசன்ஸ் நம்பரா? எங்க இருக்கும்? தயாரிச்ச தேதி போட்டிருக்குதே, இதோ. அட்ரஸ்ஸு? இல்லையே. வெளிநாட்டு சரக்குன்னா இங்க கொண்டாந்து விக்கறவன் பேரு, பதிவு நம்பரு எல்லாம் இருக்கணுமா? ஒண்ணியும் இல்லம்மா. அப்ப உள்ள எழுதினதுதான் இருக்குதுன்னு கூட சொல்ல முடியாது. எழுதாதது இருந்தாலும் இருக்கும். அய்யோ. பாதரசம் கீதரசம் எதுனா? பாத்து சொல்ல முடியாதா. லேபுலதான் தெரியுமா. புட்டிய நான் எடுத்தாரல, வூட்ல அரிசி டப்பாவுக்குப் பின்னாடி இருக்குது. ஒனக்குக் கொண்டாந்து குடுத்தா பாத்து சொல்லுவியா? இல்ல இல்ல, வேலைக்கு வேட்டு வெக்கச் சொல்லல. வெளி லேபுக்குக் குடுக்கலாமா. சரி. இருக்கட்டும், பாக்கலாம்.

தெனம் காலையில, ராத்திரின்னு ரெண்டு வேளையும் போட்டேன். சன்ஸ்கிரீனா? வூட்டுக்குள்ளயே இருக்கறவளுக்கு அது எதுக்குன்னு போடல. காதுக்குப் பின்னாடி, முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு வெச்சிப் பாத்துட்டுதான் மூஞ்சில போடணும்னு அப்பால ஒரு வீடியோவுல பாத்தேன். அதுக்குள்ள பாதி புட்டி காலி. வாசனை இருக்குதே, துரு புடிச்ச ஆணிய வாயில போட்டா மாரி. கொமட்டும். காலையில அத்தப் போட்டுட்டு நாஸ்டா துன்ன உக்காந்தா எறங்காது. ஓடிப் போயி வாந்தி எடுத்துட்டு வந்து லைவ்ல நிப்பேன். அழகுன்னா சும்மாவா வரும், இதெல்லாம் பொறுத்துக்கணும்னு நானே சொல்லிக்குவேன்.

ஆனா ஒண்ணு, வேலை செஞ்சதும்மா. மெய்யாலுமே. புரட்டாசியில மூஞ்சி பளபளன்னு ஆயிடுச்சி. கன்னமெல்லாம் பூசினா மாரி. லைவ்ல எழுதறாங்க, அக்கா இன்னா போடறீங்க, சொல்லுங்கக்கான்னு. அந்த மலேசியாம்மா, ஸ்வர்ணா ஒனக்கு வயசு திரும்புதுடின்னு எழுதினாங்க. எங்க வூட்டுக்காரரு வாயத் தொறந்து எதுவும் சொல்ற ஆளு இல்ல. அவரே ஒரு நாளு போனப் புடிச்சிகினு, லைவ ஆன் பண்ணாம என்னையே பாத்துகினு நின்னாரு. இன்னான்னேன். ஒண்ணும் இல்லன்னாரு. காதெல்லாம் செவந்து போச்சு அவருக்கு.

நான் உதயாவ வாயார வாழ்த்தினேன்.

தீபாவளி யாவாரம் வந்துதா, இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டும்னு உதயா கிட்ட போயி பிளீச் பண்ணிகினு வந்தேன். அன்னிக்கு சாயங்காலமே இந்த சீரத்தையும் போட்டேன். ஆமா, ஒரே நாள்ல. தலையில அடிச்சிக்காதம்மா, தெரிஞ்சா செய்வனா. மூஞ்சி தீப்புடிச்சா மாரி எரிஞ்சது. காலையில பாத்தா கன்னத்து மேல தோலு வழண்டு, கண்ணு ரெண்டும் வீங்கிப் போச்சு. இங்க பாரு, இன்னும் அந்தத் தடம் போவல.

தீபாவளி நேரத்துல லைவ் நிறுத்த முடியுமா? சசிகலான்னு ஒரு பொண்ணு, காலேஜ் முடிச்சது, அத்தக் கூட்டியாந்து நிக்க வெச்சாரு. சின்ன வயசு, செலை மாரி இருக்குது. நான் உள் ரூம்ல மூஞ்சில ஈரத்துணியப் போட்டுகினு படுத்துகினு என் போன்ல பாக்கறேன். ஒரே கேள்வியா வருது. அக்கா எங்க? ஸ்வர்ணாக்கா எங்க? ஒடம்பு சரியில்லயான்னு. அந்தப் பொண்ணு பாவம், மூஞ்சி சுருங்கிப் போச்சி. எனக்கு சந்தோசமா இருந்தது. எரியற மூஞ்சிய வெச்சிகினு சிரிச்சா இன்னும் எரியுது.

அப்பாலதான் தோலு டாக்டரு. வாரத்துல ஒரு நாளு ஆரணிக்கு வர்றாரு, வயசானவரு. பாத்தாரு. எல்லாத்தையும் நிறுத்துன்னாரு. பூச ஒரு மருந்து எழுதினாரு. அப்பால மாத்திரை எழுதப் போனவரு பேனாவ நிறுத்திட்டு ஒரு கேள்வி கேட்டாரு. இன்னா கேட்டாருன்னா, இரு, பஸ்ஸு இன்னாத்துக்கு இங்க நிக்குது? ஆடா? ஓட்டுங்கய்யா, ஓட்டுங்க. காத்தே இல்ல. தண்ணி இருக்குதும்மா எங்கிட்ட, வேணாம்.

ம். போவுது.

நான் எதுல உட்டேன்? உடு, டாக்டரு கேட்டது இருக்கட்டும். நீ சொல்லு, அந்த விட்டமின் ஏ இருக்குதே, நான் ஆவணியில ஆரம்பிச்சி தீபாவளி வரைக்கும் போட்டிருக்கேன். மூஞ்சிக்கு மட்டுந்தான். கழுத்துக்கும் கொஞ்சம். அது உள்ள போயி தங்குமா, இல்ல கழுவினா போயிடுமா? மூஞ்சியத் தாண்டி, கீழ, வயித்துப் பக்கம் எல்லாம் போவுமா?

ஏன் கேக்கறேன்னா, ஏன், மனுசிக்கு ஒடம்புன்னு ஒண்ணு இருக்குதே, அதுக்குத்தான்.

மாத்திரையா முழுங்கறதுதான் ரொம்ப மோசமா? பூசறது உள்ள போறது கம்மிதானா. எவ்ளோ கம்மி? சரியா தெரியாதுங்கற. இருந்தாலும் யாரு போடக் கூடாது? சொல்லு. நான் அந்தப் பேர போன்ல தட்டிப் பாத்துட்டேன்மா, அது வெள்ளைக்கார இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா கொட்டுது. அதுல ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, அந்த வார்த்தை எனக்குப் புரிஞ்சது. புரிஞ்சதும் மூடிட்டேன். நீ தமிழ்ல சொல்லிடு.

ஆமா. அதான். மாசமா இருக்கறவங்க.

இல்லம்மா, என் பொண்ணுக்கு இல்ல. ஹேமா நல்லாத்தான் இருக்குது, வெம்பாக்கத்துல குடுத்திருக்கோம். அது இந்தப் புட்டியத் தொட்டதே இல்ல. எனக்குத்தான்.

ஆமா, எனக்குத்தான். நாலாவது மாசமாம். அந்தத் தோலு டாக்டரு அத்ததான் கேட்டாரு, மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி எல்லாரையும் கேக்கறதுதானாம். மாசம் தள்ளிப் போயிருக்குதாம்மான்னாரு. அது நின்னே போச்சுங்க, வயசாயிடுச்சேன்னு நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு வாங்கன்னாரு. நின்னது வயசால இல்லயாம்மா. வாந்தியும் சீரத்தால இல்ல. அந்தப் பளபளப்பு கூட அதனால இல்ல பாரு, எத்தினி பேருக்கு அந்தப் புட்டிய வாங்குங்கன்னு நானே சொல்லியிருக்கேன்.

வயசத் தொரத்தறேன்னு ஒண்ண வாங்கி, வயித்துல இருக்கறதுக்கு வெனை வெச்சிட்டனான்னு, அதாம்மா. ராவும் பகலும் அதே ஓட்டம்தான். பொடவ மடிச்சா அந்தப் பொடி எழுத்துதான் கண்ணுல வந்து நிக்குது. அடுப்புல பாலு பொங்கி வழியறது தெரியாம நிக்கறேன்.

அவருக்கா? இன்னும் சொல்லல. ஹேமாவப் பாத்துட்டு வரேன்னுதான் கெளம்பினேன். எப்டி சொல்றதும்மா? வைகாசியில கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ணு. பாக்கறவங்க எல்லாம் அதுகிட்ட விசேஷம் உண்டா விசேஷம் உண்டான்னு கேக்கறாங்க. அது அழுதுகினு எனக்கு போன் பண்ணுது. அதோட மாமியா என்னைக் கேக்கறாங்க, இன்னா சம்மந்தி, ஒங்க பொண்ணு இன்னும் நல்ல சேதி சொல்லலயேன்னு. நான் வயித்துல கைய வெச்சிகினு, சொல்லுவா சம்மந்தி, சொல்லுவான்றேன். மருமகன் மூஞ்சியில எப்டி முழிக்கறது? ஊரு சிரிக்காதா? அந்தப் பழைய ஸ்டாக்குன்னு எழுதினவன் இப்ப இன்னா எழுதுவான்?

செய்யாறுல ஒரு லேடி டாக்டரு இருக்கறாங்க. போன வாரம் போயி பாத்தேன். தங்கமான அம்மா. அவங்க கிட்ட இந்தப் புட்டியப் பத்தி சொல்ல வாயே வரலம்மா எனக்கு, படிச்சவங்க திட்டுவாங்களோன்னு. சொல்லிடணுமா? இந்த போட்டோவையே காட்டிடட்டுமா? காட்டிடறேன். பூசினதால ஆயிடுச்சின்னு யாரும் அடிச்சி சொல்ல முடியாது, பயந்து முடிவெடுக்காதீங்க, ஸ்கேன் பாத்து அவங்கதான் சொல்லணும்ங்கற. சரிம்மா. அவங்களும் ஸ்கேனுக்குத்தான் வரச் சொன்னாங்க. இன்னிக்குத்தான்.

போன வாரம் அந்தம்மா மெதுவா கேட்டாங்க. பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி, ஒங்களுக்கும் வயசு இருக்குது, வூட்ல பேசிட்டு சொல்லுங்க, வெச்சிக்கறீங்களா இல்ல வேற மாரி யோசிக்கறீங்களான்னாங்க. தப்பா கேக்கல, கேக்க வேண்டியதத்தான் கேட்டாங்க. நான் யோசிச்சி சொல்றேன்னு எழுந்து வந்துட்டேன். அன்னியிலேருந்து யோசிக்கறேன் யோசிக்கறேன், ஒரு பக்கமும் நிக்க மாட்டேங்குது மனசு.

இன்னா முடிவு பண்ணியிருக்கேன்னு நீயும் கேக்கறியே. அதான் இன்னும் பண்ணலயே.

இரு.

வேணாம்னு இருந்தா, அந்தப் புட்டியில எந்த எழவு கலந்திருந்தா எனக்கு இன்னாம்மா? விட்டமின் ஏ இருந்தா இன்னா, பாதரசம் இருந்தா இன்னா? கண்ணு பூக்க எதுக்கு அத்தப் படிச்சிகினு இருக்கேன்? பஸ்ஸுல போற பொண்ணு கழுத்துல கார்டைப் பாத்து எதுக்கு ஓடியாந்து பக்கத்துல குந்தறேன்?

அட.

இல்லம்மா, அழல. காத்து. தொடைச்சிக்கறேன், கைய உடு. எரியாது, நீ குடுத்தா எரியாது, குடு அந்தக் கர்ச்சீப்ப.

இதுதான? ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்துடுச்சா? இந்த அவசரத்துல ஓட்டறான் பாரு. போன் எங்க? மொதல்ல அவருக்கு ஒரு போன் போடணும். கடையை சாத்திட்டு வாங்கன்னு சொல்லப் போறேன், இன்னான்னு போன்ல சொல்ல மாட்டேன், நேர்ல அந்தக் காது செவக்கறதப் பாக்கணும் எனக்கு. நீ நல்லா இருக்கணும்மா. கொஞ்சம் காலை நகத்திக்கோ.

கண்டக்டரு, கண்டக்டரண்ணே, ஒரு நிமிசம். டிரைவர மெதுவா நிறுத்தச் சொல்லுங்க. தள்ளாதீங்கப்பா, வழி உடுங்க எல்லாரும். புள்ளத்தாச்சி எறங்கணும்.